சுருதி சேர்க்க வருபவருக்கு வழி

கேட்கிறதா, இன்னகேந்தி பாவ்லவிச்?
ஹூஷிர் பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறேன்,
கணக்கு எழுதும் செசெக்மா.
சிக்னல் இந்த ஜன்னலோரம் மட்டும்தான் கிடைக்கும்.
நின்றுகொண்டே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இர்கூத்ஸ்கிலிருந்து பஸ். ஐந்தரை மணி நேரம்.
காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு கடை,
அங்கே இறைச்சிக் கொழுக்கட்டை சாப்பிடுங்கள்.
சாறு சட்டையில் வடியும். வடியட்டும்.
அதற்கப்புறம் சாலை இல்லை, பைக்கால்தான்.
ஏரி என்று வரைபடத்தில் இருக்கும்.
எங்களுக்கு அது கடல்;
யாராவது ஏரி என்றால்
நாங்கள் திருத்துவதில்லை, பேச்சை மாற்றிவிடுவோம்.

ஆகஸ்ட் என்றால் பாரப் படகு.
காசு கிடையாது,
காசில்லாத எதற்கும் வரிசை உண்டே,
ஒன்பது மணி நேரம் நிற்கிறார்கள்.
கடப்பதற்கு இருபது நிமிஷம்.
அந்த இருபது நிமிஷமும் எல்லாக் கைகளிலும் போன்,
பாறையின் செம்பாசி வெயிலில் பற்றி எரிவதை
ஒருவரும் கண்ணால் பார்ப்பதில்லை.
எங்கள் பியானோ அப்படித்தான் வந்தது:
முன்னால் முட்டைக்கோஸ் லாரி, பின்னால் யாருடைய மோட்டார் சைக்கிளோ,
தார்ப்பாய் மேல் ஒரு கடற்காகம்,
டிக்கெட் எடுத்தவர் போல.
பிறகு நாற்பது கிலோமீட்டர் மண் சாலை, முழுக்க மேடு பள்ளம்.
இறக்கி வைத்து ஒரு கட்டையை அழுத்தினால்
பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து பதில் சொல்கிறாள்.
உங்களைக் கூப்பிட்டது அதனால்தான்.

டிசம்பர் கடைசியில் வராதீர்கள்.
தண்ணீரும் இல்லை, தரையும் இல்லை.
காற்றின் மேல் உட்கார்ந்து ஓடும் ஹோவர்கிராஃப்ட் ஒன்று உண்டு,
எட்டுப் பேர், கட்டணம் ஓட்டுநரின் மனநிலையைப் பொறுத்தது.
அதன் இரைச்சலில் என் மூக்குக் கண்ணாடியே நடுங்கும்,
உங்கள் காதுக்கு ஆகாது.

ஏப்ரலில் சில நாள் அதுவும் ஓடாது.
அப்போதுதான் இது தீவு.
ரொட்டி விலை ஏறும், சண்டைகள் குறையும்,
யாரிடம் கோபித்துக்கொண்டு எங்கே போவது?

பிப்ரவரியில் வாருங்கள்.
பனிக்கட்டி மேல் சாலை போடுவார்கள்,
இரு பக்கமும் சின்னப் பைன் கன்றுகள் நட்டு.
கீழே பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், பார்ப்பீர்கள்:
கருநீலம், அதற்குள் வெள்ளை விரிசல்கள்,
எழும்பி வரும்போதே உறைந்துபோன குமிழிகள்.
வயிற்றில் புளியைக் கரைக்கும்.
சீட் பெல்ட் போடாதீர்கள்.
போட்டால் ஓட்டுநர் திட்டுவார், அவர் சொல்வதுதான் சட்டம்.
கதவை முழுக்கச் சாத்தவும் மாட்டார்.

உங்களை அழைத்து வரப் போகிறவன் சொரிக்தோ.
பயப்படாதீர்கள், இப்போதெல்லாம் பலகைகளை வாசிக்கிறான்.
போன வருஷம் வாசிக்கவில்லை.
மார்ச் முடிவு, சாலை அடைப்பு என்று எழுதியிருந்தது,
அவனோ லாரியில் நாற்பது மூட்டை மாவும்
எங்கள் முதல் பியானோவும் ஏற்றிக்கொண்டு வந்தான்.

ஆமாம், முதல் பியானோ.
தெரியாதா உங்களுக்கு?

பின் சக்கரம் முதலில் இறங்கியதாம்.
குதித்துவிட்டான்; தொப்பி போயிற்று.
மூழ்கும்போது எல்லாத் தந்திகளும் சேர்ந்து
ஒரே ஒரு முறை ஒலித்தன என்கிறான்.
பொய்யன்தான், பனிக்கரடியைப் பார்த்தேன் என்பவன்,
இங்கே ஏது பனிக்கரடி,
ஆனாலும் இதைச் சொல்லும்போது மட்டும்
புதுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறான்.

பாதி வழியில் ஓரிடத்தில் ரேடியோவை அணைப்பான்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
எஞ்சினையும் அணைப்பான்.
அடியில் பனிக்கட்டி முனகும், விம்மும்,
ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஏதோ ஓடும்.
அது பனிக்கட்டிதான். எனக்கும் தெரியும்.
இருந்தாலும் உங்களுக்கு நல்ல காது என்றார்கள்.
கொஞ்சம் கேட்டுவிட்டு வாருங்கள்,
சுருதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று.

கணக்கில் நான் இன்னும்
இரண்டு பியானோ என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.